செர்ரிக்குக் கவாத்து

பூச்செடி விஷயத்தில் ரூஃபஸுக்கு யாரும் புத்தி சொல்லக்கூடாது. தோவாளையில் பிச்சித் தோட்டம் வைத்திருந்தவரின் மகன் அவர். பிளெய்ன்ஸ்பரோ நர்சரிக்காரன் தனக்குப் பாடம் எடுப்பதாவது என்பது அவர் கட்சி. அப்பாவின் தோட்டத்தை விட்டு அமெரிக்கா வந்து முப்பது வருஷமாக ஒரு மருந்துக் கம்பெனியில் டேட்டாபேஸ் மேய்த்ததெல்லாம் அவர் கணக்கில் வராது.

ரிட்டயர் ஆன கையோடு, டவுன்ஹவுஸின் பின்னால் நாலு பாய் விரிக்கிற அளவுக்கு இருந்த இடத்தில் ஒரு செர்ரி நட்டார். பழத்துக்கான செர்ரி அல்ல, பூவுக்கென்றே வளர்க்கிற ஜாதி. நர்சரியில் வாங்கும்போது இளஞ்சிவப்பாகக் குலுங்கிக்கொண்டு நின்றது. வீட்டுக்கு வந்த பிறகு நாலு வசந்தம் போயிற்று, பூ என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஏப்ரல் வந்தால் தெருவில் மற்ற செர்ரிகளெல்லாம் கல்யாண வீடு மாதிரி நிற்கும். இது மட்டும் கூப்பிடாத விருந்தாளி போலப் பச்சை இலையோடு ஒதுங்கி நிற்கும்.

அவரும் லேசில் விடுகிற ஆள் இல்லை. எரு போட்டார், மண் மாற்றினார், வருஷா வருஷம் பிப்ரவரியில் பெரிய கத்தரியோடு இறங்கி எல்லாக் கிளைகளையும் ஒட்ட ஒட்ட வெட்டினார்.

"பிச்சியாகட்டும் மல்லியாகட்டும், பனியில கவாத்து பண்ணாத்தான் பூக்கும். வெட்ட வெட்டத்தான் பூ" என்பார்.

ஏணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது மனைவி யூனிஸின் வேலை. அவளுக்கு அந்த மரத்தின் மேல் ஆசையும் இல்லை, பகையும் இல்லை. அவள் மனசு டெக்சாஸில் கிடந்தது. மகன் ரெனிஷ் அங்கே ஃப்ரிஸ்கோவில் இருந்தான். அவனுடைய மகள் ஆன்லின் குப்புற விழுந்ததையும் தவழ்ந்ததையும் யூனிஸ் போனில்தான் பார்த்தாள். டேகேரில் குழந்தைக்குச் சளி விட்ட பாடில்லை. வீட்டை விற்றுவிட்டு அங்கே போய்விடலாம் என்று அவள் கெஞ்சாத நாள் இல்லை.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள், கேக்கை மென்றுகொண்டே ரூஃபஸ் ஒரு வழி சொன்னார்.

"இந்த ஏப்ரல்ல மரம் பூக்கலன்னா வீட்டை விக்கறதுக்கு லிஸ்ட் பண்ணிடலாம். பேச்சு மாற மாட்டேன்."

"பூத்துச்சுன்னா?"

"மூவ் பண்ற பேச்சையே நீ எடுக்கக்கூடாது."

வீட்டை ஒரு மரத்திடம் பணயம் வைத்த மனுஷர் நியூஜெர்சியில் இன்னொருவர் இருக்க முடியாது. நாலு வருஷம் பூக்காதது இப்போதா பூக்கப்போகிறது என்று யூனிஸ் உடனே ஒத்துக்கொண்டாள்.

பணயம் பெரிதாகிவிட்டதால் அந்தப் பிப்ரவரியில் ரூஃபஸ் கத்தரிக்கு ஓய்வே கொடுக்கவில்லை. மரம் மொட்டையடித்த பிள்ளை மாதிரி ஆயிற்று. வெட்டிய கிளைகளை எடுத்துப்போக டவுன்ஷிப் வண்டி ஏப்ரலில்தான் வரும். அதனால் கட்டுக் கட்டாகக் கட்டி கராஜில் சாய்த்து வைத்தார். வாட்டர் ஹீட்டர் சொட்டுக்கு வைத்திருந்த பக்கெட்டுக்குள் ஒரு கட்டின் அடி இறங்கியதை அவர் கவனிக்கவில்லை.

மார்ச்சில் ஒருநாள் அரிசி எடுக்க யூனிஸ் கராஜுக்குப் போனாள். விளக்கைப் போட்டவள் அப்படியே நின்றுவிட்டாள். பக்கெட்டில் இருந்த கிளைகள் முழுக்கப் பூ. வெயில் படாததால் கொஞ்சம் வெளுத்த நிறம், ஆனால் கொத்துக் கொத்தாகப் பூ.

அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. போனில் தேடிப் பார்த்ததும் சந்தேகம் போயிற்று. செர்ரி அடுத்த வசந்தத்துக்கான மொட்டை முந்தின கோடையிலேயே கட்டிவிடுமாம். பனிக்காலத்தில் அது கிளையில் தூங்கிக்கொண்டிருக்கும். பிச்சி அப்படி இல்லை, வெட்டியபின் வருகிற புதுத் தளிரில் பூக்கும். ஆக, மரம் வருஷா வருஷம் பூக்கத் தயாராகத்தான் இருந்திருக்கிறது. இவர்தான் வருஷா வருஷம் பூவை வெட்டிக் குப்பையில் போட்டிருக்கிறார்.

பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். இன்னும் ஒரு மாசம் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவர் வாக்காலேயே டெக்சாஸ் கிடைத்துவிடும். யூனிஸ் ஒரு பழைய பெட்ஷீட்டை எடுத்துக் கிளைகளின் மேல் போர்த்திவிட்டு, அரிசியை அளந்துகொண்டு உள்ளே போனாள்.

ரூஃபஸ் தினமும் காலையில் காபி டம்ளரோடு மரத்தடிக்குப் போவார். கிளை நுனியை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பார். யூனிஸ் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்ப்பாள், பிறகு பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டாள். மனசு என்னவோ உறுத்திக்கொண்டே இருந்தது.

ஒருநாள் அவர் காபியைக் குடிக்காமலே திரும்பி வந்தார்.

"வீடு வித்துத் தர்ற அந்த ரியல்டர் நம்பர் உன்கிட்ட இருக்கா?"

"ஏப்ரலுக்கு இன்னும் நாள் இருக்கே?"

"மொட்டே காணோம். வாக்கு வாக்குதான்." அவர் டம்ளரை சிங்க்கில் கவிழ்த்தார். "நான் என்னதான் செய்யல, சொல்லு. மரத்துக்கு என்னைப் பிடிக்கல போல."

கோபித்திருந்தால் யூனிஸ் தாங்கியிருப்பாள். அவர் குரலில் கோபம் இல்லை. பெரிய வீம்புக்காரர், பள்ளிக்கூடத்தில் தோற்றுவிட்டு வந்த பையன் மாதிரி நின்றார். அவளுக்கு வெட்கமாக இருந்தது. ஜெயிக்க வேண்டும் என்று நினைத்தாள், இப்படி அல்ல.

அவள் கராஜுக்குப் போய் பக்கெட்டைத் தூக்கிவந்து டைனிங் டேபிளில் வைத்தாள்.

ரூஃபஸ் பூவைப் பார்த்தார். கிளையைத் தூக்கி அடியைப் பார்த்தார். பிச்சிக்கு வெட்டுகிற அதே சாய்ந்த வெட்டு.

"இது நான் வெட்டினதுல்ல?"

"ஆமா. மொட்டு அதுலயே இருந்திருக்கு. நாலு வருஷமாவும் இருந்திருக்கு."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "எப்ப பூத்துச்சு?"

"போன வாரம். பெட்ஷீட் போட்டு மூடி வச்சிருந்தேன்."

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப இன்னைக்கு எதுக்கு எடுத்துட்டு வந்த?"

"மரத்துக்கு உங்களைப் பிடிக்கலன்னு சொன்னீங்களே. அது தப்பு, அதான்."

ரூஃபஸ் கிளையைப் பக்கெட்டில் திரும்ப வைத்தார். பிறகு அவர், "பக்கெட்ல பூத்தது கணக்கில்ல. நீதான் ஜெயிச்ச" என்றார்.

"அடுத்த ஏப்ரல் வரைக்கும் டைம் எடுத்துக்கோங்க. ஆனா நான் இங்க உக்காந்து காவல் காக்க முடியாது. குழந்தையைப் பாக்கப் போறேன்."

மே மாசம் அவள் ஃப்ரிஸ்கோ கிளம்பினாள். ஏர்போர்ட்டில் பெட்டி எடை கூடிவிட்டது. ஆன்லினுக்காகச் சுட்ட அச்சு முறுக்கு டப்பாவை எடுத்து ரூஃபஸ் கையில் கொடுத்தாள். பெட்டியின் அடியில் துணி சுற்றிக் கிடந்த பெரிய கத்தரியை மட்டும் வெளியே எடுக்கவில்லை.

அடுத்த பிப்ரவரியில் ரூஃபஸிடமிருந்து போன் வந்தது. ஆன்லின் யூனிஸின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்துகொண்டிருந்தாள்.

"யூனிஸ், கத்தரி எங்க வச்ச?"

"இங்க இருக்கு. என் பெட்டியில."

அந்தப் பக்கம் கராஜ் கதவு இறங்குகிற சத்தம் கேட்டது.

"கடையில புதுசு கிடைக்குமே. வாங்கலியா?" என்றாள்.

"கடை வரைக்கும் போனேன். திரும்பி வந்துட்டேன்." பிறகு குரல் மாறியது. "மொட்டு இருக்கு யூனிஸ். கிளைக்குக் கிளை இருக்கு."

யூனிஸ் குழந்தையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். பூத்தால் மூவ் பண்ணுகிற பேச்சை எடுக்கக்கூடாது என்பது அவளுக்கு மறக்கவில்லை. "சந்தோஷம். நான் ஏப்ரல்ல வந்துடறேன்" என்றாள்.

"நீ எதுக்கு வர்ற? பூத்ததும் ஆசை தீரப் பாத்துட்டு, வீட்டை லிஸ்ட் பண்ணிட்டு நான் வர்றேன். பூக்காத மரத்தை விட்டுட்டு வந்தா தோத்து ஓடி வந்த மாதிரி. இனிமே வரலாம்."

யூனிஸ் ஆன்லினின் கன்னத்தில் முத்தமிட்டாள். அவரே மறுபடி கேட்டார்.

"அங்க செர்ரி வருமா?"

"இந்த வெயிலுக்கு எங்க? ரெனிஷ் பேக்யார்டுல மல்லிதான் வரும்."

"மல்லின்னா வருஷா வருஷம் கவாத்து பண்ணணும்" என்றார் ரூஃபஸ். "கத்தரியைத் துருப்பிடிக்காம வை."