சுண்டை வேரில் கத்தரி

எழுபத்தொன்றாம் வருஷம் எனக்குத் தாடி இருந்தது. காரைக்குடிக் கல்லூரியில் அதற்குக் காதல் தோல்வி என்று காரணம் கண்டுபிடித்திருந்தார்கள். யார் அந்தப் பெண் என்பதில்தான் கருத்து வேறுபாடு. உண்மைக் காரணம் என் மதினி வீரலட்சுமி. என் பிளேடுகளை எல்லாம் அவர் கத்தரிச் செடிக்கு எடுத்துக்கொண்டார்.

நாச்சியாபுரத்தில் எங்கள் கிணற்றடித் தோட்டம் மதினியின் ராஜ்ஜியம். அங்கே விளையும் கத்தரிக்காய்க்குச் சந்தையில் ஆட்கள் காத்திருப்பார்கள் என்பார். நானும் பார்த்தேன், காத்துத்தான் இருந்தார்கள். இரண்டு வருஷமாக அது நின்றுபோயிருந்தது. செடி காலையில் நன்றாக நிற்கும்; உச்சிவெயிலில் தலை தொங்கிவிடும். பிடுங்கினால் வேரெல்லாம் முடிச்சு முடிச்சாக, பாசிமணி கோத்த மாதிரி.

அண்ணன் செம்மலை தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"இந்தத் தடவையும் செத்துச்சுன்னா, பொங்கல் கழிச்சுத் தோட்டத்தைச் செங்கல் அறுக்க விட்டுருவேன். மண்ணு கேட்டு ஒருத்தன் அலையிறான்."

மண்ணை வெட்டி எடுத்துவிட்டால் அப்புறம் அது தோட்டமில்லை, பள்ளம். மதினி எழுந்து போய்ச் சட்டியை ணங்கென்று வைத்தார். சட்டி பேசிய நாட்களில் அண்ணன் இரண்டாவது சோறு கேட்கமாட்டார்.

நான் அப்போது விலங்கியல் மூன்றாம் ஆண்டு. அதனால் வீட்டுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை என்று முடிவாகியிருந்தது. வேரில் கொஞ்சத்தைக் கல்லூரிக்குக் கொண்டுபோய் மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். முடிச்சுக்குள் வெள்ளையாக, பேரிக்காய் வடிவத்தில் நூற்புழு உட்கார்ந்திருந்தது.

"ரொம்ப அழகா இருக்கு மதினி."

"பொண்ணு பாக்கப் போனாக்கூட இம்புட்டு வாயைப் பொளக்க மாட்டீக, கொழுந்தனாரே. வேலியோரம் நிக்கிற சுண்டச் செடியில அது இருக்கான்னு பாத்தீகளா?"

பார்க்கவில்லை. பிடுங்கிப் பார்த்தோம். அதே மண்தான், சுண்டை வேரில் ஒரு முடிச்சுகூட இல்லை. மைக்ராஸ்கோப்பும் இல்லை என்றுதான் சொன்னது.

"இதுக்கு வேர் இருக்கு, காய் கசக்குது. அதுக்குக் காய் இருக்கு, வேர் வெளங்கல" என்றார் மதினி.

"ரெண்டும் ஒரே குடும்பம்னு புஸ்தகத்துல போட்டிருக்கு."

"அப்ப முறை இருக்குல்ல? கலியாணத்தைப் பேசிருவோம்."

மதினியின் பிறந்த வீட்டில் மாங்கன்று ஒட்டுக் கட்டுவார்கள். கத்தரிக்கு யாரும் கட்டி அவர் பார்த்ததில்லை. அதை அவர் ஒரு தடையாகவும் எண்ணவில்லை. சுண்டை மெதுவாக வளரும் என்று அதை முதலில் விதைத்தார், கத்தரியைப் பிறகு. இரண்டு தண்டும் ஒரே கனத்துக்கு வந்ததும் சுண்டையின் தலையை வெட்டி, தண்டை நடுவே பிளந்து, ஆப்புப் போலச் சீவிய கத்தரி நுனியைச் செருகி, வாழைநாரால் சுற்றினார். ஒட்டு வாடாமலிருக்க வீட்டிலிருந்த கண்ணாடிப் பாட்டில்களையெல்லாம் அதன்மேல் கவிழ்த்தார். ஊறுகாய் அகதியாகிச் சட்டிகளில் குடியேறியது.

முதலில் கட்டிய அத்தனையும் கருகிப்போயின. மதினி அவற்றை எறிந்துவிட்டுக் கையைக் கழுவினார்.

"பிளேடு மழுங்கிருச்சு. வேற குடுங்க."

துக்கம் அவ்வளவுதான். அன்றைக்குத்தான் நான் அவருக்கு விசிறியானேன். தாடியும் அன்றுதான் தொடங்கியது.

அடுத்தது பிடித்துக்கொண்டது. ஆவணி மழை விட்டதும் ஒட்டுச் செடிகள் தோட்டத்துக்குப் போயின. உச்சிவெயிலிலும் தலை நிமிர்ந்து நின்றன. அண்ணன் தினமும் வேலிக்கு வெளியே நின்று பார்த்துவிட்டுப் போவார்.

பிறகு மதினி தங்கையின் பேறுகாலத்துக்கென்று பிறந்த வீடு போனார். நான் பரீட்சைக்காக விடுதியில் இருந்தேன். மனசு இளகிய அண்ணன் மண்வெட்டியோடு தோட்டத்தில் இறங்கிவிட்டார். செடிக்குச் செடி கழுத்துவரை மண் அணைத்தார். மண் அணைப்பதில் அவரை மிஞ்ச ஊரில் ஆள் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து மதினி கேட்காமலே அவர் செய்த முதல் உதவி அது.

மதினி திரும்பி வந்த அன்று நானும் ஊரில் இருந்தேன்.

"என்னங்க செஞ்சீக?"

"மண் அணைச்சேன். எப்படி இருக்கு?" அண்ணன் பாராட்டுக்குத் தயாராக நின்றார்.

மதினி குந்தி ஒரு செடியடியில் மண்ணை விரலால் விலக்கினார். ஒட்டுக்கு மேலே, கத்தரித் தண்டிலிருந்து வெள்ளை வெள்ளையாகப் புது வேர் இறங்கியிருந்தது.

"ஒட்டு மண்ணுக்குள்ள போயிருச்சு. கத்தரி சொந்தமா வேர் விட்டுருச்சு. புழுவுக்குக் கதவைத் தொறந்து விட்டுட்டீக."

அண்ணன் மண்வெட்டியைக் கீழே வைத்தார். "திட்டிரு."

"அதுக்கெல்லாம் நேரமில்ல. உக்காருங்க."

மூவரும் உட்கார்ந்து மண்ணை விலக்கி, புது வேர்களை நறுக்கிக்கொண்டே போனோம். கடைசி வரிசைக்கு வந்ததும் மதினி கையை நீட்டித் தடுத்தார்.

"இது உங்க வரிசை. அணைச்சபடியே கெடக்கட்டும்."

அண்ணன் அதைத் தண்டனை என்று எடுத்துக்கொண்டார். அது பரிசோதனை என்பது எனக்கு மட்டும் புரிந்தது. மூன்று வருஷப் படிப்பு வீண்போகவில்லை.

பொங்கல் கழிந்து செங்கல்காரர் அளவுக் கயிற்றோடு வந்தார். நல்ல வெயில். அண்ணன் அவரை நேரே கடைசி வரிசைக்குக் கூட்டிப்போனார். செடிகள் தலை தொங்கி நின்றன. ஒன்றைப் பிடுங்கிக் காட்டினார். கீழே சுண்டை வேர் சுத்தமாக இருந்தது. மேலே கத்தரி விட்ட வேர் முழுக்கப் பாசிமணி.

"இது நான் செஞ்சது."

பிறகு, காய்ப் பாரத்தில் கிளை வளைந்து நின்ற மற்ற வரிசைகளைக் காட்டினார்.

"அங்குட்டு நிக்கிறது அம்புட்டும் அவ செஞ்சது. இந்த மண்ணை எப்படிப்பா வெட்டக் குடுப்பேன்?"

செங்கல்காரர் கயிற்றைச் சுருட்டினார். வெறுங்கையோடு போகவேண்டாமென்று மதினி அவர் துண்டு நிறையக் கத்தரிக்காய் கொட்டினார்.

மறுநாள் அண்ணன் காரைக்குடியிலிருந்து புது பிளேடு பாக்கெட் வாங்கிவந்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டி அடுப்படிக்குள் போனார்.

"ஏ, வீரலட்சுமி," என்பது கேட்டது. "எனக்கும் ஒட்டுக் கட்டச் சொல்லிக் குடு."