பன்னிரண்டு நிமிடப் பழிப்பு

இதயநோய் மருத்துவர் கேட்டது ஒரே ஒரு கேள்விதான். இல்லை என்று சொல்லத்தான் அவளும் வாயெடுத்தாள்.

"இதுக்கு முன்னாடி எப்பவாவது அவருக்கு வாய் ஒரு பக்கமா கோணிப் போயிருக்காம்மா? பேச்சு குழறினது, கை தளர்ந்தது? பத்து நிமிஷத்துல தானா சரியாயிருந்தாலும் சொல்லுங்க."

கோணிய வாய் என்றதும் அவளுக்கு அக்காவின் ஞாபகம் வந்தது. இதுவா நேரம் என்று அதை ஒதுக்கித் தள்ளினாள். அது போவதாக இல்லை.

கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் கணவர் கிடந்தார். இருபத்தாறு வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர். அன்று காலை, "கிளட்சை மெதுவா..." என்று ஆரம்பித்தவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. வண்டியை ஓட்டிக்கொண்டிருந்த மாணவி ஒரு நீச்சல் பயிற்சியாளர், முதலுதவி தெரிந்தவள். ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றவள். அவள் காரை அலுங்காமல் ஓரங்கட்டி, அவரை வெளியே இழுத்துக் கிடத்தி, ஆம்புலன்ஸ் வரும்வரை நெஞ்சை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாள். இரண்டு விலா எலும்பு விரிசல் விட்டது. நின்றுபோன இதயம் திரும்ப ஓடியது. அடைத்த ரத்தக்குழாயில் ஸ்டென்ட்டும் வைத்தாயிற்று. ஆனால் நினைவு வரவில்லை. மூச்சுக்கருவியும் மூக்கில் ஒரு குழாயுமாகப் படுத்திருந்தார்.

"ஸ்டென்ட்ல ரத்தம் உறைஞ்சிடக் கூடாது," என்றார் மருத்துவர். அவளைவிட வயதில் சின்னவர், தலைமுடியைத் துணித் தொப்பிக்குள் திணித்திருந்தார். "இப்போதைக்கு ஊசி வழியா ஒரு மருந்து ஓடுது. இன்னும் ஒரு மணி நேரத்துல மாத்திரைக்கு மாறணும். பொடிச்சுக் குழாய்ல விடுவோம். மூணு மாத்திரை இருக்கு. முதலாவது நல்ல வேகம். ரெண்டாவதும் வேகம்தான், ஆனா நாடித்துடிப்பைக் குறைக்கலாம், மூச்சு வாங்க வைக்கலாம். இவருக்கு நாடி இப்பவே குறைவு. மூணாவது சாது. ஆனா இவர் வயிறு இப்ப பாதித் தூக்கத்துல இருக்கு, அது போய்ச் சேர்ந்து வேலை செய்யுறதுக்குள்ள..."

"ஆமை," என்றாள் அவள்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல டாக்டர். நீங்க சொல்லுங்க."

அவசரக்குடுக்கை, பெருமூச்சு, ஆமை. கற்றுக்கொள்ள வருகிறவர்களுக்குக் கணவர் வைக்கும் பெயர்கள். பயிற்சிப் பள்ளியின் பதிவேட்டை எழுதுகிறவள் அவள்தான். பெயருக்குப் பக்கத்தில் பென்சிலால் இவற்றையும் எழுதிவைப்பாள். மருத்துவர் சொன்ன மாத்திரைகளில் எது யார் என்பது இப்போது அவளுக்கு முகம் முகமாகத் தெரிந்தது.

"முதல் மாத்திரை மேலதான் எனக்குக் கண்ணு. ஆனா பக்கவாதமோ, அதோட சின்னச் சாயலோ முன்னாடி வந்தவங்களுக்கு அதைக் கொடுக்கக் கூடாது. மூளையில ரத்தம் கசிஞ்சிடும். சின்னதா வந்து போனது ஸ்கேன்லகூடத் தெரியாது. வீட்டு மனுஷங்க சொன்னாத்தான் உண்டு."

"அஞ்சு நிமிஷம் கொடுங்க. ஒருத்தர்கிட்ட கேக்கணும்."

"உங்க குடும்ப டாக்டரா?"

"எங்க அக்கா."

நடைபாதையின் கோடியில், தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றாள். அக்காவோடு பேச்சு நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது.

அக்கா பள்ளிக்கூடத் தலைமையாசிரியை. ஓய்வு பெற்றதற்குக் கொடுத்த விருந்தில், தங்கை ஆறாம் வகுப்பில் கணக்கு விடைத்தாளில் பூனை வரைந்து கொடுத்த கதையை எடுத்தாள். நாற்பது வருடமாகச் சொல்லிவரும் கதை. ஒவ்வொரு முறையும் பூனை கொஞ்சம் பெரிதாகும். கதையை முடித்த கையோடு, எதிரே உட்கார்ந்திருந்த தங்கை கணவரைச் சுட்டிக்காட்டி, வாயைக் கோணி எனக்கே பழிப்புக் காட்டுகிறாரா என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டாள். முப்பத்திரண்டு வருடம் பள்ளிக்கூடம் நடத்தியவளுக்குப் பழிப்பு எது என்று தெரியாதா? யாரும் சந்தேகப்படவில்லை. அவர் பக்கத்திலேயே தலைகுனிந்து தட்டைப் பார்த்துக்கொண்டிருந்த மனைவிகூட.

"நான் ஒண்ணுமே பண்ணலையே," என்றுதான் அவர் வழியெல்லாம் சொன்னார். அவள் நம்பவில்லை. வீட்டுக்கு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள். அந்தச் சிரிப்பை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சரி, பண்ணினேன்னே வெச்சுக்கோ," என்றார்.

அப்படியே வைத்துக்கொண்டாள். தனக்காக ஒருவர் அக்காவுக்கே பழிப்புக் காட்டியிருக்கிறார் என்பதை, மனம் சுருங்கிப்போகும் நாட்களில் வெளியே எடுத்துப் பார்த்துக்கொள்வாள். இப்போது அக்காவின் எண்ணை அழுத்தும்போது விரல் தயங்கியது. அக்கா சொல்லப்போவதில் அவருடைய உயிர் இருக்கிறது என்பது தெரியும். தனக்காகக் காட்டிய அந்தப் பழிப்பும் இருக்கிறது என்பது அந்த விரலுக்கு மட்டும் தெரிந்தது போலிருந்தது.

"யாரு?" என்றாள் அக்கா, யாரென்று தெரிந்தே.

"நான்தான்க்கா. அவருக்கு இதயம் நின்னு போய், திரும்ப ஓட வெச்சிருக்காங்க. ஆஸ்பத்திரியில இருக்கோம். உயிர் இருக்கு. உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். அன்னைக்குப் பழிப்புக் காட்டினாரே, அது எப்படி இருந்துச்சு?"

"ஏண்டி, இதுவா கேக்குற நேரம்?"

"டாக்டர் கேக்குறாங்க."

"டாக்டருக்கு எதுக்கு நம்ம வீட்டுச் சண்டை?"

"மாத்திரை எதுன்னு முடிவு பண்ண. சொல்லுக்கா."

"இரு. டைரியை எடுக்குறேன்."

எழுதி வைத்திருப்பாள் என்று அவளுக்குத் தெரியும். மாணவர்கள் செய்த குற்றங்களையெல்லாம் தேதி போட்டு எழுதிய கை.

"பன்னண்டு நாப்பது," என்று வாசித்தாள் அக்கா. "வாயோட இடது ஓரத்தைத் தொங்கவிட்ட மாதிரி வெச்சுக்கிட்டார். நான் பேசி முடிக்கிற வரைக்கும் எடுக்கல. பன்னண்டு நிமிஷம்."

"அந்தப் பூனைக்கா பன்னண்டு நிமிஷம்?"

"குறுக்க பேசாதே. ரெண்டாவது, தண்ணி டம்ளரை வேணும்னே கீழ போட்டார்."

"எந்தக் கை?"

"இடது. மூணாவது, வேற டம்ளர் வேணுமான்னு மரியாதையா கேட்டேன். நாக்கு தடிச்ச மாதிரி வழவழன்னு என்னமோ சொல்லி நக்கல் பண்ணினார்."

"நாக்கை வெளிய நீட்டினாரா?"

"அது ஒண்ணுதான் பண்ணல. எங்க பசங்க நாக்கை நீட்டாம பழிப்புக் காட்டவே மாட்டானுங்க. அன்னைக்கே நெனச்சேன், இது என்ன புது மாதிரியா..."

அக்கா நிறுத்திவிட்டாள். மறுமுனையில் டைரியை மூடும் சத்தம் கேட்டது.

"அடியே. அது பழிப்பு இல்லையா?"

"இல்ல போலருக்குக்கா."

"நான் ரெண்டு வருஷமா அந்த மனுஷனை..."

"நானும்தான்," என்றாள் அவள். அக்காவுக்கு அது புரிந்திருக்க வாய்ப்பில்லை.

மருத்துவருக்கு எதிரே ஃபோனை ஸ்பீக்கரில் வைத்து, அக்காவை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். மருத்துவர் குறித்துக்கொண்டே வந்தார்.

"எத்தனை மணிக்குச் சரியாச்சு?"

"பன்னண்டு அம்பத்திரண்டுக்கு. நான் அதட்டினதும் வாய் நேராயிடுச்சு. பயந்துட்டார்னு எழுதியிருக்கேன்."

"எங்க பயிற்சி டாக்டர்கள்கூட இவ்வளவு சுத்தமா எழுத மாட்டாங்கம்மா," என்ற மருத்துவர், தாளில் முதல் மாத்திரையின் பெயரை அடித்தார். "இது வேண்டாம். ரெண்டாவதைக் கொடுக்கலாம். நாடி இறங்கினா பாத்துக்க நாங்க இருக்கோம்."

பெருமூச்சு, என்று மனதில் எழுதிக்கொண்டாள் அவள். பொடியை நீரில் கலக்கிக் குழாயில் விட்டபோது திரையில் நாடி நாற்பத்தேழு. ஒரு மணி நேரம் கழித்து நாற்பத்தைந்து. அதற்குக் கீழே இறங்கவில்லை.

மறுநாள் படுக்கைக்குப் பக்கத்தில் உட்காரவிட்டார்கள். நினைவில்லாதவர்களிடம் பேசலாம் என்று செவிலியர் சொன்னார். என்ன பேசுவது என்று யோசித்தாள்.

"நீங்க சொன்னது நெஜம்தான்," என்றாள் கடைசியில். "நீங்க ஒண்ணும் பண்ணல. நான்தான் பிடிவாதமா வெச்சுக்கிட்டேன். அக்கா வர்றா. நல்லா இருங்க, அது போதும்." சொல்லி முடித்ததும் பெட்டியில் இருந்த ஒரே நகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டவள்போல வெறுங்கையாக இருந்தது. அழவும் வந்தது. இந்த நிலையிலும் தனக்காக அழுகிறோமே என்று வெட்கமாகவும் இருந்தது.

நான்காம் நாள் காலை தொண்டைக் குழாயை எடுத்தார்கள். கண் விழித்தவர் முதலில் அவளைப் பார்த்தார். பிறகு அவளுக்குப் பின்னால் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்ற அக்காவைப் பார்த்தார்.

"மன்னிச்சிடுங்க," என்று ஆரம்பித்தாள் அக்கா. தலைமையாசிரியைக்கு வராத பாடம் அது. அங்கேயே நில்லாமல், கூச்சத்தில், தெரிந்த பாடத்துக்குத் தாவினாள். "இவ சின்ன வயசுலயே இப்படித்தான், எதையும் ஒழுங்கா கவனிக்க மாட்டா. கணக்குப் பரீட்சையில ஒரு பூனை..."

அவருடைய வாய் மெதுவாக ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

செவிலியர் ஓடிவந்தார். மருத்துவரைக் கூப்பிட்டார்கள். இரண்டு கையையும் தூக்கச் சொன்னார்கள். இரண்டும் நடுங்கிக்கொண்டே சமமாக எழுந்தன. பெயரைக் கேட்டார்கள், கரகரத்த குரலில் சரியாகச் சொன்னார். சிரிக்கச் சொன்னார்கள், வாய் நேராக விரிந்தது. பிறகு யாரும் சொல்லாமலே அக்கா பக்கம் திரும்பி, வாயை மறுபடி கோணினார். வலது பக்கம். கூடவே நாக்கின் நுனி, வெளுத்துக் காய்ந்துபோய், கொஞ்சமாக வெளியே வந்தது.

"டாக்டர், நீங்க போங்க," என்றாள் அக்கா. "இது அசல்."

கைப்பையைத் திறந்து டைரியை எடுத்தாள். பேனாவின் மூடியைப் பல்லால் கழற்றிக்கொண்டே தங்கையிடம் கேட்டாள்: "மணி என்னடி?"

பார்த்துச் சொல்ல அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. சுவர்க் கடிகாரம் கண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது.

"பதினொண்ணு இருபது," என்றாள். "நாக்கோடன்னு எழுதுக்கா."