சற்குணம் ஒப்புக்கொண்ட இரத்தம்

சற்குணம் அண்ணை என்னோடு இப்போது கதைப்பதில்லை. அவருடைய மகளை ஒரு வெள்ளைக்காரன் முன்னால் நான் அவமானப்படுத்திவிட்டேனாம். ஒஸ்லோத் தமிழரில் பாதிப் பேர் அப்படித்தான் நம்புகிறார்கள். கடையில் என்னைக் கண்டால் வெண்டிக்காய் தெரிந்தெடுப்பதில் மும்முரமாகிவிடுகிறார்கள். நடந்தது என்னவென்று யாரும் என்னிடம் கேட்கவில்லை. ஆகவே கேட்காமலே சொல்கிறேன்.

நான் கமலேஸ்வரி. பதினொரு வருடம் ஒரு ஹோட்டலில் கம்பளம் கழுவினேன். சின்ன இயந்திரத்தை மாடி மாடியாக இழுத்து இடுப்புப் பக்கம் என் நாரி விட்டுப்போயிற்று. இன்னும் இரண்டு வருடம் இப்படி இழுத்தால் பிறகு நிமிர்ந்து நடப்பதே சந்தேகம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பெரிய நிறுவனங்கள் இந்த இயந்திரத்தை வானுக்குள்ளேயே பூட்டி வைத்திருக்கும். வான் வெளியே நிற்கும், குழாய் மட்டும் கட்டிடத்துக்குள் போகும். கொதிநீரை அடித்த கையோடு அழுக்குத் தண்ணீரை உறிஞ்சி வானுக்குக் கொண்டுபோய்விடும். நாரிக்கு வேலையே இல்லை. ஆனால் அதன் விலையைக் கேட்டு என் கணவர் குலேந்திரன் சிரித்தார். சிரித்துவிட்டு, நாங்களே செய்வோம் என்றார்.

அவர் ரயர்க் கடையில் வேலை செய்கிறவர். இரும்பு ஒட்டத் தெரியும். கம்பளத்துக்கு எவ்வளவு தண்ணீர், எவ்வளவு சூடு என்பது எனக்குத் தெரியும். எல்லிங்ஸ்ருட்டில் எங்கள் மாடிவீட்டின் கீழே உள்ள கராஜில் இரண்டு பனிக்காலம் இதே வேலையாக இருந்தோம். ஒரு பழைய ஹைஏஸ் வான். மாடுகளை விற்றுவிட்ட ஒரு விவசாயியிடம் வாங்கிய, பால் கறக்கும் இயந்திரத்தின் உறிஞ்சு பம்ப். அதைச் சுழற்ற ஒரு பெற்றோல் எஞ்சின். அந்த எஞ்சினின் புகைக்குழாயைச் சுற்றி நானே வளைத்த செப்புக் குழாய். புகையின் சூட்டிலேயே தண்ணீர் கொதிக்கும். அழுக்குத் தண்ணீருக்கு முதலில் ஒரு பிளாஸ்டிக் பீப்பாய் வைத்தோம். எஞ்சினை முடுக்கியதும் உறிஞ்சிய வேகத்தில் அது நசுக்கிய தகரப் பேணிபோல உள்ளே போய்விட்டது. பிறகு அதே விவசாயியிடம் பால் தொட்டி ஒன்றை வாங்கினோம். அது அசையவில்லை.

2004 மாசியில் எங்களுக்கு முதல் வேலை கிடைத்தது. வெஸ்ட்லியில் வாடகைக்கு விடும் ஒரு மண்டபம். அங்கேதான் சற்குணம் அண்ணை தன் மகள் யதுர்ஷா பெரியவளானதற்குச் சாமத்தியச் சடங்கை நடத்தியிருந்தார். மேடையில் வைத்திருந்த மஞ்சள் கரைத்த பாத்திரத்தை யாரோ காலால் தட்டிவிட, சாம்பல் நிறக் கம்பளத்தில் ஒரு பாய் அகலத்துக்கு மஞ்சள். மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் ஒட்வார் என்ற நோர்வேஜியர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர், நியாயமானவர். இந்த மேடையை நன்றாகச் செய்தால் கட்டிடம் முழுவதையும் கழுவும் வேலையை வருடம் முழுக்க எங்களுக்கே தருவதாகச் சொல்லியிருந்தார். அது கிடைத்தால் அடுத்த நாளே ஹோட்டலுக்கு விலகல் கடிதம் கொடுத்துவிடுவேன். என் நாரி அந்த மேடையில்தான் கிடந்தது என்று வையுங்கோ.

முதலில் பிழைவிட்டது நான்தான். அதை மறைக்கமாட்டேன். ஹோட்டலில் பழகிய கை, யோசிக்காமல் வழக்கமான காரக் கரைசலை எடுத்து அடித்துவிட்டது. மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்பது எங்களில் யாருக்குத் தெரியாது? அந்தக் கரைசலும் சுண்ணாம்பின் சாதிதான். ஒரு நிமிடத்துக்குள் மஞ்சள் கிடந்த இடம் முழுக்கச் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. யன்னல் வழியாக வந்த குழாயைப் பிடித்தபடி குலேந்திரன் வாயைப் பிளந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. புளிப்புள்ள வினாகிரி ஊற்றினால் திரும்பி மஞ்சளாகிவிடும், பெரிய விஷயமில்லை.

அந்த நேரம் பார்த்து ஒட்வார் உள்ளே வந்தார். கூடவே மண்டபக் கதவின் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வந்த சற்குணம் அண்ணையும்.

ஒட்வாரின் முகம் வெளிறிப்போயிற்று. இங்கே என்ன நடந்தது, இவ்வளவு இரத்தமா என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் சற்குணம் அண்ணை முந்திக்கொண்டார். அவர் தொழிலே மொழிபெயர்ப்பு. ஆஸ்பத்திரியிலும் நீதிமன்றத்திலும் இருபது வருடமாக மற்றவர்களின் வாயாக இருப்பவர். அவருடைய நோர்வேஜிய மொழியைக் கேட்டால் நோர்வேஜியரே திரும்பிப் பார்ப்பார்கள். அந்த அழகான மொழியில் அவர் மன்னிப்புக் கேட்டார். பிறந்தநாள் விழாவுக்கு அழைக்காத சில பொடியன்கள் குடித்துவிட்டு வந்து தங்களுக்குள் அடிபட்டுவிட்டார்களாம். மிகவும் வருந்துகிறாராம்.

எனக்கு ஒரு கணம் எதுவும் விளங்கவில்லை. பிறந்தநாளா? எந்தப் பொடியன்கள்?

ஒட்வார் கையை உயர்த்தி எஞ்சினை நிறுத்தச் சொன்னார். இரத்தம் என்றால் தொற்று. அனுமதி பெற்ற நிறுவனம்தான் தொடலாம். வீட்டில் செய்த இயந்திரத்துக்கு இங்கே இடமில்லை. தொட்டியில் உள்ள தண்ணீரையும் கொட்டக்கூடாது. சண்டையைப் பற்றி ஒரு படிவம் நிரப்பி மேலே அனுப்பவேண்டும். வருட ஒப்பந்தம் பற்றி இனிப் பேச்சில்லை என்றும் மெல்லச் சொல்லிவிட்டு, படிவத்தை எடுக்க அலுவலக அறைக்குப் போனார்.

நான் சற்குணம் அண்ணையைப் பார்த்தேன். அவர் கிட்ட வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, கொஞ்சம் பேசாமல் இரும். பொம்பிளைப் பிள்ளையின்ரை விஷயம். மஞ்சள் எண்டால் ஏன் மஞ்சள் எண்டு கேப்பான். உவனுக்கு நான் என்னெண்டு சொல்லுறது?"

"முந்நூறு பேருக்கு அழைப்புக் காட் அடிச்சுச் சொன்னனீங்களே, அண்ணை."

"அது எங்கடை சனம். நான் மண்டபம் எடுக்கேக்கை பிறந்தநாள் எண்டுதான் எழுதிக் குடுத்தனான்."

குலேந்திரன் என்னை விட்டுவிடச் சொல்லிக் கண்ணைக் காட்டினார். அவர் நல்ல மனிதர், யாரோடும் முறியமாட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பதின்மூன்று வயதுப் பிள்ளையை நாலு மணித்தியாலம் வீடியோ வெளிச்சத்தில் இருத்தி, ஊரைக் கூட்டி, இவள் பெரியவளாகிவிட்டாள் என்று ஒலிவாங்கியில் அறிவித்தவர் இவர். அன்று வராத வெட்கம் இன்று ஒரு கிழவன் முன்னால் வந்துவிட்டது. வந்த வெட்கத்துக்கு விலை என் இயந்திரமும் என் நாரியும். போதாததற்கு, இல்லாத பொடியன்களின் தலையில் இல்லாத அடிதடி. நாளைக்கு வேறொரு தமிழ்க் குடும்பம் இந்த மண்டபத்தைக் கேட்டால் என்ன பதில் வரும் என்று அண்ணை ஒரு நொடி நினைத்தாரா?

மண்டபத்தின் குசினிக்குள் போய் அங்கே சமையலுக்கு இருந்த வினாகிரிப் போத்தலை எடுத்து வந்தேன். ஒட்வார் படிவத்தோடு திரும்பினார். சண்டை என்று அதில் எழுதிக்கொண்டே வந்தார். என் உடைந்த நோர்வேஜிய மொழியில், இரண்டு நிமிடம் பொறுங்கள், இது இரத்தமில்லை என்றேன். சிவப்பின் மேல் வினாகிரியை ஊற்றினேன். போத்தல் போன வழியெல்லாம் சிவப்பு மஞ்சளாகிக்கொண்டே வந்தது. ஒட்வார் குந்தி இருந்து, விரலால் தொட்டு மணந்து பார்த்தார். இது கறிக்குப் போடும் சரக்கு அல்லவா என்றார்.

எஞ்சினை முடுக்கச் சொன்னேன். குலேந்திரன் ஓடினார். வினாகிரி கலந்த கொதிநீரை அடித்து மூன்று முறை உறிஞ்சினேன். தண்ணீர் மஞ்சளாகப் போய்ப் பிறகு தெளிந்து போனது. மேடையில் சாம்பல் நிறம் திரும்பியது. மிஞ்சியிருந்த மெல்லிய மஞ்சள் யன்னல் வெளிச்சத்தில் சில நாளில் போய்விடும் என்றேன். ஒட்வார் தலையாட்டினார். திங்கட்கிழமை மாடிப்படிகளைத் தொடங்கலாம் என்றார்.

பிறகு சற்குணம் அண்ணையின் பக்கம் திரும்பி, அப்படியென்றால் ஏன் சண்டை என்று சொன்னீர்கள் என்று கேட்டார்.

நான் அவருக்கு நேரம் கொடுத்தேன். சத்தியமாகக் கொடுத்தேன். நீதிமன்றத்தில் கொலைகாரனுக்கும் வார்த்தை தேடிக் கொடுத்த மனிதருக்குத் தன் பிள்ளைக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஆகவே நான் சொன்னேன். அவருடைய மகளுக்கு முதல் மாதவிடாய் வந்தது, எங்களில் அதைக் கொண்டாடுவோம், அதற்குத்தான் மஞ்சள்.

ஒட்வார் படிவத்தைக் கீழே இறக்கினார். தனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் என்றார். பிறகு சற்குணம் அண்ணையிடம் மிகவும் மரியாதையாகக் கேட்டார்:

"அதை மறைக்கவா இரத்தம் என்று ஒப்புக்கொண்டீர்கள்?"

ஒட்வார் படிவத்தில் சண்டை என்ற சொல்லை வெட்டிவிட்டு, உண்மையான காரணத்தை எழுதும்படி பேனையை அவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை. நான் வாங்கினேன். எழுத்துப் பிழையோடுதான், ஆனால் பெரிதாக எழுதினேன். மகள் பெரியவளான விழா. மஞ்சள் கொட்டியது. யாரும் அடிபடவில்லை.

பேனையை அவரிடம் நீட்டினேன்.

"அண்ணை, கையெழுத்தை வையுங்கோ. சண்டை எண்டு எழுதியிருந்தால் வைச்சிருப்பீங்கள்தானே."

வைத்தார். யாரையும் பாராமல் வெளியே போனார். போகட்டும் என்றுதான் எனக்கு இருந்தது.