பத்து மணிக்கே வந்திருந்தால்

ஆட்டோ ஹாரன் வாசலில் விடாமல் அலறியது. மனைவிக்குத் தலை சீவிக்கொண்டிருந்த ராமசுப்புவின் கையில் சீப்பு அப்படியே நின்றது. மணி ஐந்தேகால். காலையில் வரவேண்டிய மகள் இப்போது வந்து இறங்குகிறாள்.

பத்து மணிக்கு வரச் சொன்னது அவர்தான். நல்ல நேரம் பார்த்திருக்கிறார் என்று சம்பந்தி வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். மனைவி சங்கரம்மாளுக்குக் காலையில் மட்டும் நினைவு ஓரளவு நிற்கும். வெயில் இறங்க இறங்க அதுவும் இறங்கிவிடும். அது அவருக்கு மட்டும்தான் தெரியும்.

இரண்டு வருடத்துக்கு முன் குழம்பில் இரண்டு தடவை உப்புப் போட்டதில் ஆரம்பித்தது. பிறகு அடுப்பை அணைக்க மறந்தாள். கடைக்குப் போனவள் வீட்டுக்கு வழி தெரியாமல் திருச்சுழி ரோட்டில் நின்றாள். இப்போது குளிப்பாட்டுவதும் சேலை கட்டிவிடுவதும் சமைப்பதும் ராமசுப்புதான். இது குறையாது, கூடத்தான் செய்யும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார். மகளிடம் அதை எப்படிச் சொல்வது? கிருஷ்ணப்ரியாவுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம் கழித்து உண்டான பிள்ளை. அசையக் கூடாது என்று மல்லாங்கிணற்றில் மாமியார் வீட்டிலேயே படுக்க வைத்து, வளைகாப்பைக்கூட நிறுத்திவிட்டார்கள். அவள் போன் செய்தால், "ப்ரியா பேசுறா" என்று காதோரம் சொல்லிவிட்டுத்தான் மனைவியிடம் கொடுப்பார். "நல்லாருக்கியாத்தா? சாப்டியா?" அதோடு பேச்சு முடிந்துவிடும்.

தலைப்பிரசவம் அம்மா வீட்டில்தான். முடியாது என்றால் காரணம் சொல்ல வேண்டும்.

"தெருவுல ஒரு சாவுண்ணே" என்றபடி சம்பந்தி முத்துலட்சுமி இறங்கினாள். "எடுத்த பெறகு குளிச்சு முழுகித்தான் கெளம்ப முடிஞ்சுது. போன் அடிச்சு அடிச்சுக் கை ஓஞ்சு போச்சு. எங்க கொண்டுபோய் வச்சீக?"

"ரிப்பேரு தாயி."

சங்கரம்மாள் அதை எங்கேயோ ஒளித்து வைத்துவிட்டாள். காலையிலிருந்து தேடுகிறார்.

காலையில் கரைத்து வைத்த ஆரத்தித் தட்டை மனைவி கையில் கொடுத்தார். ஒரு வாரமாகப் பழக்கியது. மூன்று சுற்று. பிசகவில்லை. விரலால் தொட்டு மகள் நெற்றியில் பொட்டும் வைத்தாள். ராமசுப்புவுக்கு மூச்சு வந்தது. இன்று ஒரு ராத்திரி தாண்டினால் போதும், விடிந்ததும் சம்பந்தி கிளம்பிவிடுவாள். மகளிடம் பிறகு மெள்ளச் சொல்லிக்கொள்ளலாம்.

"என்ன மதினி, வாயில கொழுக்கட்டையா? மகளக் கண்டு ஒரு வார்த்த பேசலையே!"

ராமசுப்பு அளவுக்கு மீறிச் சிரித்தார்.

"அம்மா எளச்சிட்டாளேப்பா" என்ற ப்ரியாவின் கண் அலமாரியில் இருந்த கருப்பட்டி மிட்டாய்ப் பொட்டலத்தில் விழுந்தது. "எனக்குத்தான?" பிரித்து ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

சங்கரம்மாள் விறுவிறுவென்று வந்தாள். கடித்த மிட்டாயை மகள் விரலிலிருந்து பிடுங்கிப் பொட்டலத்துக்குள் போட்டு மடித்து, முந்தானையில் மறைத்துக்கொண்டாள்.

"யம்மா?"

முத்துலட்சுமி உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்தாள். ராமசுப்பு என்ன செய்வதென்று தெரியாமல், எப்போதும் செய்வதையே செய்தார். குனிந்து மனைவியின் காதில், "ப்ரியா பேசுறா" என்றார்.

அந்த முகம் அப்படியே மலர்ந்தது. வெறும் கையைக் காதில் வைத்துக்கொண்டு, மகளுக்கு முதுகைக் காட்டிச் சுவர்ப்பக்கம் திரும்பினாள் சங்கரம்மாள்.

"நல்லாருக்கியாத்தா? வெரசா வந்துரு. ஒனக்குன்னு வாங்கி வச்ச மிட்டாய யாரோ ஒரு புள்ளத்தாச்சி வந்து எடுத்துத் திங்கிறா."