கழுகு பார்க்க வந்தவர்கள்

செங்கல்பட்டு ஸ்டேஷனில் தன் ஜட்காவில் ஏறிய பட்டணத்து அம்மாளையும் அவள் மகனையும் திருவேங்கடம் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டான். மூன்று வருஷத்துக்கு முன் இதே வண்டியில்தான் அவர்கள் எல்லம்மாளைப் பெண் பார்க்கப் போனார்கள். கேசரியைத் தின்றுவிட்டுத் திரும்பும்போது, "அடுப்புக்கரிக்குப் பொடவ கட்டி வுட்டிருக்காங்க" என்று வழியெல்லாம் சிரித்தார்கள். வண்டிக்காரனுக்கும் காது உண்டு என்று அவர்களுக்குத் தோன்றவேயில்லை. அந்த எல்லம்மாள் இப்போது அவன் மனைவி.

இன்று புது மருமகளும் கூட வந்திருந்தாள்.

"உச்சிக்குள்ள திருக்கழுக்குன்றம் மலைமேல இருக்கணும்பா. மருமகளுக்குக் கழுகு காட்டறதா வேண்டிக்கினு வந்திருக்கேன். சாயங்கால ரயிலுக்குத் திரும்பணும்."

"ஆவட்டும்மா."

கொளவாய் ஏரிக்கரையில் வண்டியை நிறுத்தினான். "இம்மாந் தண்ணி பட்டணத்துல ஏது? எறங்கி நல்லாப் பாருங்க."

அவர்கள் பார்த்து முடித்ததும் குதிரைக்குப் புல் போட்டான். பாதி வழியில் இறங்கி, ஒழுங்காக இருந்த லாடத்தைத் தட்டித் தட்டிப் பார்த்தான்.

அடிவாரம் சேர்ந்தபோது கூட்டம் மலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தது. கழுகுகள் பொங்கலைத் தின்றுவிட்டுப் பறந்துபோய் அரைமணி ஆகியிருந்தது. அம்மாளுக்கு அழுகை வந்துவிட்டது.

"பாவி, வேணும்னே பண்ணிட்டியேடா!"

"ஆமாம்மா, வேணும்னேதான். அடுப்புக்கரின்னு சிரிச்சீங்களே ஒரு பொண்ண, அவ எம் பொண்டாட்டி."

மகன் தலையைக் குனிந்துகொண்டான். மருமகள் மாமியாரையும் புருஷனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்னியப் பாத்துட்டுத் திரும்பறப்ப இன்னா சொல்லிச் சிரிச்சீங்க?" என்று கேட்டாள்.