மரவள்ளிக் கஞ்சி போட்ட பாவு

ஜப்பான்காரன் மலாய் நாட்டுக்குள் வந்த மறு வருஷமே பாடாங் செராய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் துணி என்பது கண்ணில் காணாத சாமானாகிவிட்டது. செல்லாயிக்கும் அவள் நாத்தனார் குணவதிக்கும் சேர்ந்து ஒரே புடவை. ஒருத்தி அதைக் கட்டிக்கொண்டு வெளியே போனால் மற்றவள் சாக்கைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குள் அடைந்து கிடப்பாள். பசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இதைப் பொறுக்க முடியவில்லை செல்லாயிக்கு.

ஓடிப்போன வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் அழகுக்கு நின்ற பழைய மலாய்த் தறியை அவள் புருஷன் இருளப்பன் விறகுக்கென்று தூக்கி வந்தான். நெசவுக்காரர் வீட்டில் பிறந்தவள் விடுவாளா? கோடாலியைப் பிடுங்கி வைத்தாள். பழைய கூடாரத் துணியைப் பிரித்து நூலெடுத்தார்கள். தறியில் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் முறுக்காக நிற்கக் கஞ்சி போட அரிசிக்கு எங்கே போவது? மரவள்ளி மாவைக் காய்ச்சி, அரிசிக் கஞ்சியின் கணக்கிலேயே தடவினார்கள்.

தறியில் உட்கார்ந்து மிதிகட்டையை மிதித்தால் நூல் பட்பட்டென்று அறுந்தது. இன்னும் கொஞ்சம் அறுந்தால் புடவைக்கு நூல் காணாது. செல்லாயி கயிறுகளை அவிழ்த்தாள், மாற்றிக் கட்டினாள், தறியைத் திட்டித் தீர்த்தாள்.

"கெழட்டுத் தறி. அடுப்புல வச்சிடலாம்லா," என்றான் இருளப்பன்.

"சும்மா இருங்க."

பாவைத் தளர்த்திவிட்டு மறுபடி மிதித்தாள். நூல்களை ஒன்றுவிட்டு ஒன்று தூக்கும் இரண்டு விழுதுகளில் ஒன்று இறங்கியது. மேலே உருளை சுழன்று மற்றதைத் தூக்கியது. எங்கேயும் சிக்கவில்லை. அப்படியானால் கோளாறு தறியில் இல்லை. குனிந்து பாவை விரலால் நீவினாள். பக்கத்துப் பக்கத்து நூல்கள் பசை போட்டதுபோல் ஒட்டிக் கிடந்தன.

"குணவதி, நம்ம கஞ்சிதான் கெடுத்திருக்கு. மரவள்ளி இவ்வளவு ஒட்டிப் பிடிக்கும்னு யாருக்குத் தெரியும்?"

"தறியப் போட்டு அந்தத் திட்டு திட்டினீங்களே அண்ணி."

பாவை ஈரத்துணியால் ஒற்றி, தேங்காய் நாரால் நூல் நூலாகப் பிரித்து, எண்ணெய் தொட்டுத் தடவினார்கள். மிதித்தாள். நூல்கள் சட்டென்று விலகின. குறுக்கு நூலைக் கொண்டுபோகும் நாடா தடையில்லாமல் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தது. செல்லாயிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

புடவை முரடாக, அழுக்குப் பச்சையில் வந்தது. அதைக் கட்டிக்கொண்டு அவள் வாசலுக்கு வந்தபோது, பழைய புடவையில் தயாராக நின்ற குணவதி பழக்கத்தில் சொன்னாள்: "நான் போயிட்டு வந்துடுறேன், அப்புறம் நீங்க போங்க அண்ணி."

சொன்ன பிறகுதான் செல்லாயியை ஏற இறங்கப் பார்த்தாள். இருவரும் ஒன்றாகப் படியிறங்கினார்கள்.