விழுந்த முதிரை

ஜெஸீம் காட்டு வாச்சர். நிந்தவூரில் பிறந்த எவனும் வயல் செய்வான், கடை போடுவான், தோணி தள்ளுவான். காட்டுக்குள் என்ன வேலை என்று ஊரே அவரைப் பகிடி பண்ணும். பண்ணட்டுமே! மலையடிவாரத்துப் பழங்காட்டை அவர் இளந்தாரியாய் இருந்த காலந்தொட்டுக் காக்கிறார். அதிலிருந்து ஒரு சுள்ளிகூட அவர் வீட்டு அடுப்புக்கு வந்ததில்லை.

அவருடைய மகள் ஹிமாயாவுக்குக் கலியாணம் பேசி முடிந்திருந்தது. எங்கட பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் மாப்பிள்ளை படியேறுவாரா? சுவர் எழும்பி ஓடும் போட்டாயிற்று. முன்வாசல்தான் ஆவென்று கிடந்தது. மாப்பிள்ளையின் வாப்பா முகைதீன்பாவா ஒரேயொரு ஆசை சொல்லியிருந்தார்: முன்கதவு முதிரை மரத்தில் இருக்கவேணும்.

பார்த்துவைத்த மாதிரி, அந்த மாரிக் காற்றில் காட்டு நடுவே ஒரு கிழட்டு முதிரை சரிந்தது.

"அல்லாஹ்வாப் பாத்துச் சாய்ச்ச மரம்," என்றாள் பெண்சாதி றம்லா. "வெட்டினாத்தானே குத்தம்? கிடந்து உக்க உடுறது வீண்விரயம். வீண்விரயம் செய்யிறவன் ஷைத்தான்ட சகோதரன், தெரியுமா?"

"விழுந்த மரந்தான் புள்ள காட்டுக்குச் சோறு. புழு திங்கும், புழுவப் பறவை திங்கும், உக்கின இடத்துல மரக்கண்டு முளைக்கும். அது விழுந்தபடி கிடக்கோணும்."

"ஓம் ஓம், புழுவுக்கு முதிரை, மகளுக்கு மாம்பலகை! நல்லா இரிக்கி ஒங்கட நியாயம்."

அந்தக் கதை அதோடு நின்றது. பிறகொரு வெள்ளிக்கிழமை, அஸர் தொழுகை முடிந்த கையோடு, வாசலில் ஒரு லேண்ட்மாஸ்டர் உழவு வண்டி வந்து நின்றது. முகைதீன்பாவா சிரித்த முகத்தோடு இறங்கினார். பின்பெட்டியில் இழைத்து எண்ணெய் பூசிய நிலையும் இரட்டைக் கதவும்.

"நீங்க உத்தியோகக்காரர், தொட ஏலா. அதான் ஒங்களுக்குத் தெரியாம ஆள் விட்டு அறுத்தெடுத்த. ஒங்கட காட்டு முதிரைதான் சம்மந்தி!"

பாவம், களவெடுத்தோம் என்ற எண்ணமே மனிசனுக்கு இல்லை. உபகாரம் செய்த சந்தோசம்தான். ஜெஸீம், திருப்பிக் கொண்டுபோய்ப் போடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தார். எண்ணெய் பூசின பலகையை எந்தப் புழு தின்னும்?

சம்மந்தியை இருத்தி, றம்லாவிடம் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். அவர் முன்னாலேயே நின்று வன அதிகாரிக்குப் போன் எடுத்தார். எந்த மரம், யார் எடுத்தது, எல்லாம் சொன்னார். "இப்ப எங்கட ஊட்டு வாசல்லதான் கிடக்கு சேர்."

முகைதீன்பாவா கோப்பையைக் கீழே வைத்தார். "இனி என்னைச் சம்மந்தி எண்டு கூப்பிடாதீங்க," என்றார். வண்டியையும் விட்டுவிட்டு மெயின் றோட்டுப் பக்கமாக நடந்தார். றம்லா தலையில் கை வைத்துக்கொண்டு நிலத்தில் குந்திவிட்டாள்.

ஹிமாயா அறைக்குள்ளிருந்து வெளியே வந்தாள். அழுத கண்.

"காட்டுக்கு நல்ல வாப்பா நீங்க," என்றாள். "எனக்குத்தான் வாப்பா இல்ல."

திரும்பி உள்ளே போய்விட்டாள். ஜெஸீம் மகளுக்குப் பின்னால் போகக் கால் எடுத்தார். அதிகாரிகள் வரும்வரை அந்த மரத்துக்கு யாராவது காவல் நிற்க வேண்டும். நின்றார்.